மொத்தத்துல பாய்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பசீர் அகமது வீடு எது என்று கேட்டால் தெருமுனையில் நிற்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. "மொத்தத்துல பாய் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்றால் பாத்திரப் பட்டறையைத் தாண்டி இரண்டாவது சந்து என்று கை காட்டுவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் இந்தப் பக்கத்து ஆட்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்தப் பெயரைத் தெரு வைக்கவில்லை. அவருடைய மனைவி முனவர் பேகம் வைத்தாள், அதுவும் சிரித்துக்கொண்டே வைத்தாள். இப்போது அந்தப் பெயர் காதில் விழுந்தால் பசீர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்.

மொத்தம் என்கிற சொல் திருப்பூரில் ஒரு வேலையோடு நிற்பதில்லை. காதர்பேட்டைப் பனியன் கடையில் காலை வைத்ததும் "மொத்தமாங்க, சில்லறையாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. சாயம் ஒத்துவராமல் துணி அத்தனையும் திரும்பி வந்தால் "மொத்தமும் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்காருவார்கள். யாராவது இறந்துபோனால் "மொத்தத்துல நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பசீரின் அத்தாவுக்கும் அதுதான் கிடைத்தது. தையல் மெஷினில் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன மனிதர். கோபக்காரர், ஆனால் தெருவில் போகிற பூனைக்கெல்லாம் பால் ஊற்றுவார். அவ்வளவும் அந்த ஒரு வரியில் முடிந்துபோயிற்று. கபர்ஸ்தானில் மண் தள்ளிவிட்டுத் திரும்பிய இளைஞன் பசீருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஊரே நல்லவர் என்று சொல்கிறதே, வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

அந்தச் சொல்லை அவர் நாக்கில் ஆணியடித்து மாட்டியது தங்கதுரையின் பனியன் கம்பெனி. தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுவிட்டு மெஷின் வாங்கிப் போட்டு முன்னுக்கு வந்தவர் தங்கதுரை. நல்ல முதலாளிதான். ஆனால் காது மட்டும் ரொம்பச் சின்னது. சாயங்காலம் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பகுதியைப் பார்க்கிற ஆளும் அவருடைய கண்ணாடி அறை முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் கிடையாது. யாராவது "காலையில கரண்ட் போச்சுங்க, அப்புறம் ஜெனரேட்டர்ல டீசல்..." என்று ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார்.

"கதையெல்லாம் வேண்டாஞ்சாமி. மொத்தத்துல என்னன்னு சொல்லு."

மற்றவர்கள் அந்த இடத்தில் திக்கித் திணறுவார்கள். பசீர் மட்டும் புகுந்து விளையாடினார். துணியில் ஷேடு மாறியிருக்கும், காலர் வராமல் தையல் நின்றிருக்கும், வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும் மென்று முழுங்கிவிட்டு, "மொத்தத்துல சனிக்கிழமை கண்டெய்னர் ஏறிடும்ங்க" என்பார். தங்கதுரையின் முகம் மலர்ந்துவிடும். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் புரொடக்சன் மேனேஜர் ஆனதற்கு அந்த ஒரு வரி சாமர்த்தியம்தான் பாதிக் காரணம்.

கம்பெனியில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டிய சாமர்த்தியம் அது. அவர் அதையும் சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்து வந்தார்.

முனவர் பேகமோ ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்துதான் சொல்லுவாள். நடுவிலிருந்து சொல்ல அவளுக்கு வராது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால், எந்தச் சேலையை எடுத்து எதை மடித்து வைத்தாள் என்பதில் தொடங்கி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மாமியார் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் பெண் மாப்பிள்ளை வருவார்கள். முக்கியமான விஷயம் எப்போதும் கடைசியில்தான் வரும். தெருப் பெண்களுக்கு அது தெரியும், அதனால் பொறுமையாகக் காத்திருப்பார்கள். அவள் சொல்லிக் கேட்பதற்காகவே பாத்திரத்தைத் துலக்காமல் போட்டுவிட்டு வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள்.

பசீர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "மொத்தத்துல என்ன?" என்பார்.

முதலில் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "வாங்க மொத்தத்துல பாய்" என்று கேலி செய்தாள். மகள் ரைசா பேசப் பழகியபோது அத்தா மாதிரியே இடுப்பில் கை வைத்து "மொத்தத்துல என்ன?" என்று கேட்பாள், வீடே சிரிக்கும். கொஞ்ச காலம் போன பிறகு ஒருநாள் முனவர், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

"ஏனுங்க, நான் ஏதாச்சும் சொல்றப்ப நீங்க ஒரு தடவையாச்சும் 'அப்புறம்?'னு கேட்டிருக்கீங்களா?"

"மொத்தத்துல என்னைத் திட்டறே" என்றார் பசீர். ரைசா சிரித்தாள். முனவர் ரசம் எடுத்துவர உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவளும் சுருக்கப் பழகிக்கொண்டாள். ரைசாவைச் சோமனூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். அவர் வந்ததும் "மொத்தத்துல என்ன?" என்பார். அவள் "மொத்தத்துல ஒண்ணுமில்லீங்க" என்பாள். கேள்வியும் பதிலும் நன்றாகப் பொருந்திவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். சொல்ல வேண்டிய கதைகளையெல்லாம் அவள் எதிர்வீட்டு வள்ளியாத்தாளிடம் கொண்டுபோய்க் கொட்டினாள். வள்ளியாத்தாள் பாத்திரப் பட்டறையில் பாத்திரம் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள். மூலனூரில் பிறந்தவள். தம்பி தோட்டத்திலிருந்து முருங்கைக்காய் வந்தால் ஒரு கட்டு முனவருக்கு என்று கணக்கு.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை. கம்பெனியில் இன்ஸ்பெக்சன். பையரின் ஆள் ஒவ்வொரு டி-சர்ட்டாக விரித்து விளக்கடியில் பார்த்துக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் தங்கதுரை வேர்த்துப்போய் நிற்கிறார். பசீரின் போன் அடித்தது. கம்பெனி நேரத்தில் முனவர் கூப்பிடவே மாட்டாள். எடுத்தார்.

"ஏனுங்க, காலைல பால் வாங்கப் போனனுங்க. வெளியில பாத்தா ஒரே பனி. வர்றப்ப வள்ளியாத்தாக்கா முருங்கக்காக் கட்டோட வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. என்னையப் பாத்துட்டு..."

"முனவரு, இங்க இன்ஸ்பெக்சன் நடக்குது. மொத்தத்துல என்ன?"

பையரின் ஆள் ஒரு சட்டையைத் தனியாக எடுத்து வைத்தான். தங்கதுரை பசீரைத் திரும்பிப் பார்த்தார்.

"மொத்தத்துல..." என்று இழுத்தாள் முனவர். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். "ஒண்ணுமில்லீங்க. நீங்க வேலையப் பாருங்க."

மத்தியானம் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த வள்ளியாத்தாள்தான் அவளைப் பார்த்தாள். முனவர் சமையலறையில் விழுந்து கிடந்தாள். அரிவாள்மணை சரிந்திருந்தது, பாதி நறுக்கிய முருங்கைக்காய் தரையெல்லாம் சிதறியிருந்தது. பசீர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். எப்போதும் ஒரேயடியாக வருவதில்லை, காலையிலேயே ஏதாவது காட்டியிருக்கும், அப்போதே கூட்டிவந்திருந்தால் ஊசி போட்டுக் கரைத்திருக்கலாம் என்றார். சோமனூரிலிருந்து வந்த ரைசா அழுதுகொண்டே கேட்டாள்.

"அத்தா, அம்மா உங்களுக்குப் போன் பண்ணலையா?"

"பண்ணுனா கண்ணு. முருங்கக்கா வந்த சேதி சொன்னா."

பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். "என்னையப் பாத்துட்டு" என்றாளே, அதற்கு அப்புறம் "முருங்கக்கா குடுத்தாங்க" என்றுதானே வந்திருக்கும்? காய் சமையலறையில் கிடந்ததே! அந்த முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த நாட்களைக் கடந்தார்.

முனவர் பிழைத்துக்கொண்டாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. எதையும் விடாமல் ஆரம்பத்திலிருந்து சொல்லுகிற அந்த வாயிலிருந்து சொற்களெல்லாம் போய் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பப்போகிற சமயத்தில் நர்ஸ் தலையணையைச் சரி செய்தபோது அது வந்தது.

"மொத்தத்துல" என்றாள்.

ரைசா சந்தோஷத்தில் கத்திவிட்டாள். அம்மா பேசிவிட்டாள் என்று எல்லோரையும் கூப்பிட்டாள். தண்ணி வேணுமா என்றால் "மொத்தத்துல." வலிக்குதா என்றால் "மொத்தத்துல." டாக்டர் பார்த்துவிட்டு, சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், எதைச் சொல்ல வந்தாலும் அதுவே வரும், ஏன் அந்தச் சொல் என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது என்றார். பசீருக்குத் தெரியும். வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

வேலையை விட்டுவிட்டார். தங்கதுரை வீட்டுக்கே வந்தார், ஆப்பிள் வாங்கி வந்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார். கிளம்பும்போது பழக்கதோஷம், "மொத்தத்துல எப்ப வருவீங்க பாய்?" என்று கேட்டுவிட்டார். கட்டிலில் கிடந்த முனவர் "மொத்தத்துல" என்றாள். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது பசீர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார். தைத்து முடித்த சட்டைகளில் நூல்முனை நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரிக்கிற வேலை. வீட்டுப் பெண்கள் மூட்டையாக வாங்கிவந்து செய்வார்கள். மேனேஜராக இருந்தவர் மடியில் சட்டையைப் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டுவதைத் தெரு முதலில் வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிக்கொண்டது. வெட்டிக்கொண்டே அவர் அந்த ஒரு சொல்லைப் படித்தார். கடைசியில் ஏற்றிச் சொன்னால் பசி. வேகமாக இரண்டு தடவை வந்தால் ஃபேன். மூக்கால் சொன்னால் ரைசாவின் மாமியார் வந்துவிட்டுப் போனது பிடிக்கவில்லை என்று அர்த்தம். ராகமாக இழுத்தால் தலை சீவிவிட வேண்டும். சீவும்போது முன்பு ஒருநாளும் கவனிக்காத மச்சம் ஒன்று காதுக்குப் பின்னால் இருந்தது. இவ்வளவு காலம் கூடவே இருந்திருக்கிறோமே என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

வெளியே போய்வந்தால் அவர்தான் இப்போது கதை சொல்லுகிறவர். மருந்துக்கடையில் யார் நின்றார்கள், பட்டறையில் எதற்குச் சண்டை, பேக்கரி வாசலில் ஒரிசாப் பையன்கள் எந்தப் பாட்டு போட்டிருந்தார்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லுவார். அவ்வளவு சரளம் வராது. அவள் கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வள்ளியாத்தாள் வாசலுக்கு வந்தாலே முனவர் பதறினாள். "மொத்தத்துல, மொத்தத்துல" என்று இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள், அவரையும் வள்ளியாத்தாளையும் மாறி மாறிப் பார்ப்பாள். வள்ளியாத்தாளும் முன்னைப்போல இல்லை. முனவரின் தலையைத் தடவிக் கொடுப்பாள், கஞ்சி ஊட்டுவாள், பசீரின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். ஏதாவது கேட்டால் வெட்டினாற்போல ஒரு வார்த்தை.

தன்னிடம் முனவர் எதையோ சொல்லப் பார்க்கிறாள் என்று பசீருக்குப் பட்டது. அதை நினைத்தால் அந்தப் போன்தான் நினைவுக்கு வந்தது. "என்னையப் பாத்துட்டு..." அதற்கு அப்புறம் என்ன? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்று பயமாகவும் இருந்தது. முருங்கைக்காய்தான் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். பல நாள் எதிர்வீட்டு வாசல்வரை போய்விட்டு, சும்மா வந்தது போலத் திரும்பினார்.

இந்தத் தையில் மூலனூரிலிருந்து மறுபடி காய் வந்தது. வள்ளியாத்தாள் கட்டைக் கொண்டுவந்து கட்டில் கால்மாட்டில் வைத்தாள். முனவர் அதைப் பார்த்ததும் உடம்பே துடிக்கிற மாதிரி தட்ட ஆரம்பித்தாள். வள்ளியாத்தாள் எழுந்து வெளியே போனாள். பசீர் கத்தரியை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போய் அவள் வாசலில் நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலைல முனவரு பால் வாங்கிட்டு வர்றப்ப நீங்க அவளப் பாத்தீங்கல்ல?"

"பாத்தனுங்க."

"பாத்துட்டு என்ன சொன்னீங்க?"

வள்ளியாத்தாள் முறைத்தாள். அத்தனை மாதம் அடக்கி வைத்தது அப்போது பொங்கிவிட்டது.

"என்ன சொன்னேன்னா கேக்கறீங்க? ஏங்கண்ணு, வாய் ஒரு பக்கமா கோணிக்கெடக்குது, எச்சி ஒழுகுதுன்னு கேட்டேன். கொப்புளிச்சா தண்ணி வாயில நிக்க மாட்டேங்குதுக்கான்னா. இப்பவே பாய்க்குப் போனப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நாந்தான் சொன்னேன். அவளும் உள்ள போய்ப் போட்டா. வெளிய வந்து, அவரு கெளம்பி வர்றேன்னுட்டாருங்கக்கா, வண்டி எடுத்துட்டு வந்துட்டே இருக்காருன்னா. நானுங்கூட வரட்டான்னேன். அவரு இருக்காருல்ல, நீங்க பட்டறைக்குப் போங்கன்னு சிரிச்சுட்டுச் சொன்னா. அதுக்கு மேல நான் என்ன பண்றது? காயைக் கையில குடுத்துட்டுப் போயிட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர்றேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்துட்டீங்களே பாய்! நல்லாருக்குதுங்களா?"

பசீர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் வருகிறேன் என்று சொல்லவே இல்லையே என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால், வராத மனுசன் என்கிற பழி மட்டும் போயிருக்கும். வாய் கோணி, எச்சில் ஒழுகிய அந்த நேரத்திலும், தன் புருஷன் காது கொடுத்துக் கேட்காதவன் என்று எதிர்வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஆமாங்கக்கா" என்றார். "வர்றேன்னுதான் சொன்னேன். நேரமாயிப்போச்சு."

வீட்டுக்கு வந்தபோது முனவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. வள்ளியாத்தாள் வரும்போதெல்லாம் அவள் பதறியது அவரிடம் எதையோ சொல்லிவிடுவதற்காக அல்ல. அன்று காலையில் நடந்தது அவர் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக.

பசீர் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டார். "நான் அப்புறம்னு கேட்டிருந்தா, அடுத்த வார்த்தை அதுதானே முனவரு? ஒரே ஒரு வார்த்தை நான் பொறுத்திருந்தா?" அத்தா இறந்தபோதுகூட அழாதவர், வாசல் திறந்திருப்பதையும் மறந்து வாய்விட்டு அழுதார்.

இடது கை அவர் தலைமேல் வந்து விழுந்தது.

"மொத்தத்துல..." என்றாள் முனவர். இழுத்து, ஒரு மூச்சு நேரம் நின்றாள்.

அந்தத் தொனியை அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார், போனில். அடுத்து வர வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். வராத அந்தச் சொல்லைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்லீங்க.

"இருக்கு" என்றார் பசீர். "ஒண்ணுமில்லேன்னு சொல்லாத முனவரு. நெறைய இருக்கு. மொதல்ல இருந்து சொல்லு. நான் எங்கயும் போகல."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தொடங்கினாள். மொத்தத்துல, மொத்தத்துல, மொத்தத்துல என்று அது ஏறியது, இறங்கியது, ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தது, ஓர் இடத்தில் இடது கையை விரித்து வியந்தது. சேலையும் பஸ்ஸும் பக்கத்துச் சீட்டுக்காரியின் மாமியாரும் வந்து போகிற அவளுடைய பழைய நடைதான் அது. அவருக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. மூச்சு வாங்க அவள் நிறுத்தினாள்.

பசீர் அகமது கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.